தொண்ணூறு வினாடி மானம்

மனிதனுக்கு ஏன் கோபம் வருகிறது என்று கண்டுபிடிக்க மூன்று மாடிக் கட்டடம் தேவைப்படும் என்பது எடைக்கல்லுக்கு அறுபத்தெட்டு வயது வரை தெரியாது. தெரிந்துகொண்ட வாரத்தில் அவருடைய கீழ்வரிசைப் பல் ஒன்று போயிற்று.

எடைக்கல் என்பது அவர் பெயரல்ல. முப்பத்துநான்கு ஆண்டுகள் கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்தவர். அடியில் குடைந்த எடைக்கல் சிக்கினால், கடைக்காரன் கண்ணெதிரிலேயே சுத்தியலால் அடித்து முத்திரையைச் சிதைத்துவிடுவார். சந்தைக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நேர்மையான பொருளின் பெயரைத்தானே வைத்திருக்கிறார்கள்.

குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் வந்தால் மட்டும் பொறுக்கமாட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய தம்பி, "நம்ம அப்பா கொஞ்சம் கஞ்சம்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் எடைக்கல் தம்பியோடு பேசவில்லை. அப்பா கஞ்சம்தான், அதை எடைக்கல்லும் மறுக்கமாட்டார். அதைப் பந்தியில் நாலு பேர் முன்னால் சொல்வதா?

அவருடைய மருமகள் மனோதத்துவத் துறையில் ஆறாவது ஆண்டாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முடித்தால் அந்தக் குடும்பத்தின் முதல் டாக்டர் பட்டம். ஒருநாள் அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, எடைக்கல் அதை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார். இரண்டாம் மாடி நடைபாதையில் ஒரு முதியவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். காது ஓரத்தில் ரத்தம்.

"என்னம்மா ஆச்சு அவருக்கு?"

"தோள்பட்டை எலும்பு மாமா. இது மூணாவது ஆள்" என்றாள் மருமகள். அவள் அழுது முடித்திருந்தாள்.

விஷயம் இதுதான். அவளுடைய பேராசிரியர் முப்பது ஆண்டுகளாக ஒரு கோட்பாட்டை வைத்திருந்தார். ஆறிய ரத்தக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். அறுபது வயதைத் தாண்டிய ஆண்மகன், தன் குடும்பத்தையே பழித்தாலும் கையை ஓங்கமாட்டான், ரத்தம் ஆறிவிடுகிறது என்பது அதன் சாரம். அதை நிரூபிக்க நாற்பது முதியவர்களை ஒவ்வொருவராக ஒரு அறைக்குள் அழைத்து, அங்கே தயாராக நிற்கும் இன்னொரு முதியவரைக் கொண்டு அவர்கள் குடும்பத்தைத் திட்ட வைக்க வேண்டும். இதுவரை இருபத்திரண்டு பேர் வந்தாயிற்று. திட்டுவதற்காக அமர்த்திய நாடகக்காரர்கள் மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

"வேற ஆள் பார்க்கறதுதானே?"

"நெறிமுறைக் கமிட்டி ஒத்துக்கிட்டது அந்த மூணு பேரையும், தேவைப்பட்டா 'கண்ணியமான தோற்றமுள்ள, சம்பளம் வாங்காத ஒரு முதியவரை'யும்தான். அதை மாத்தணும்னா நாலு மாசம் ஆகும். இந்த மாசக் கடைசிக்குள்ள சோதனையை முடிக்கலைன்னா என் பதிவு ரத்தாகிடும் மாமா. அதோட ஆறு வருஷமும் போச்சு."

அப்போது பேராசிரியர் வெளியே வந்தார். எடைக்கல்லைப் பார்த்ததும் நின்றார். சந்தையில் மாடு பார்ப்பவரைப் போல ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"யாரு இவரு?"

"என் மாமனார் சார். சாப்பாடு கொண்டுவந்தார்."

"முதுகைப் பாரு! அந்த மூக்கைப் பாரு! பார்த்தவுடனே ரெண்டு வைக்கணும்னு தோணுதில்ல? இப்படிப்பட்ட முகத்தையே ஒருத்தன் அடிக்காம விட்டான்னா, அதுதாம்மா விஞ்ஞானம்!"

எடைக்கல் மருமகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதற்கு அவள் படும் பாடு அவருக்குத் தெரிந்தது.

"என்ன சொல்லணும்?" என்றார்.

திட்டு வாக்கியத்தைக் கமிட்டி ஐந்து அமர்வுகளில் முடிவு செய்திருந்தது. முதலில் எழுதியது, "தங்கள் குடும்பத்தாரின் ஒழுக்கம் மேம்பட வாய்ப்பிருப்பதாகக் கருதுகிறேன்" என்பது. அதைக் கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். பிறகு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, இறுதி வடிவத்தைச் சீல் வைத்துக் கொடுத்தார்கள். "உங்க வீட்டு ஆளுங்களுக்கு வெட்கங்கிறதே கிடையாது. உங்க அப்பாவுக்கும் கிடையாது." ஒரு எழுத்துக் கூடவோ குறையவோ கூடாது.

அன்று மாலை எடைக்கல் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி எடுத்தார். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவதில் 'அப்பா' என்ற சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அவர் மனைவி துணி மடித்தபடி அரைமணி நேரம் பார்த்தாள்.

"ஏங்க, உங்க தம்பியை நினைச்சுக்கிட்டுச் சொல்லிப் பாருங்க" என்றாள்.

உடனே வந்துவிட்டது.

மறுநாள் காலை வந்த முதல் ஆள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு உதவியாளர்கள் பதிவுத்தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கலாம், இவர்கள் பார்க்க முடியாது. எடைக்கல் எழுந்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, பழைய நாளில் கோர்ட்டில் சாட்சி சொன்ன குரலில் வாக்கியத்தைச் சொன்னார்.

டிரைவர் ஒரு கணம் புரியாமல் விழித்தார். பிறகு எடைக்கல்லின் காதைப் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்புவது போலத் திருப்பி, தலையை மேஜையில் முட்டினார். மூன்று முறை. எடைக்கல் முப்பத்துநான்கு ஆண்டுகளில் பல கடைக்காரர்களிடம் வசவு வாங்கியிருக்கிறார். அடி வாங்குவது இதுதான் முதல் தடவை. அடியைவிட, அடித்தவர் பக்கம் நியாயம் இருந்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யாரும் வரவில்லை. தொண்ணூறு வினாடிக்கு யாரும் குறுக்கிடக் கூடாது, குறுக்கிட்டால் தரவு கெட்டுவிடும் என்பது விதி. தொண்ணூறு முடிந்ததும் மணி அடித்தது. மருமகள் ஓடிவந்து, நடுங்கும் குரலில் விளக்க உரையை வாசித்தாள். "ஐயா, இது ஒரு ஆய்வு. நீங்க கேட்ட வார்த்தை உண்மை இல்லை. உங்க கோபத்துக்கு நாங்க ஒரு எண் கொடுத்திருக்கோம்."

"எண்ணா? என் கோபத்துக்கா?" என்ற டிரைவர், எடைக்கல்லை இன்னும் இரண்டு அறை அறைந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். அந்த இரண்டும் பதிவாகவில்லை. தொண்ணூறு வினாடிக்குப் பிறகு விழுவது அடியாகாது.

பக்கத்து அறையில் உதவியாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முறைத்தால் ஒன்று, தள்ளினால் மூன்று, அறைந்தால் நான்கு, குத்தினால் ஐந்து, கீழே விழுந்த பிறகும் தொடர்ந்தால் ஆறு என்று ஒரு அளவுகோல் இருந்தது. தலையை மேஜையில் முட்டுவது அதில் இல்லை.

"அஞ்சுடா. குத்துக்குச் சமம்."

"எது? முட்டினது மேஜை. மனுஷன் தள்ளினான், அவ்வளவுதான். மூணு."

"ஐயாவையே கேட்டுடுவோம்" என்ற ஒருவன் எடைக்கல் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு எத்தனைன்னு பட்டுது?"

"அவர் கருத்து செல்லாதுடா. அவர் அளக்கிறவர் இல்லை."

முப்பத்துநான்கு ஆண்டுகள் அளந்தவருக்கு அது சுருக்கென்றது. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் தரவு செல்லாது என்பதால், ஒத்துப்போவதற்காக ஒருவரையொருவர் அளவுகோல்படி அறைந்து பார்த்துக்கொண்டார்கள். மூன்றில் ஆரம்பித்தது ஆறில் முடிந்தது. அடுத்த நாள் ஒருவன் கருப்புக் கண்ணாடி போட்டு வந்தான். மற்றவன் இடது கையால் எழுதினான்.

அதன்பின் வரிசையாக வந்தார்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் வாக்கியத்தை முழுதும் கேட்டு, எடைக்கல்லின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ஒரே குத்தில் ஒரே ஒரு பல்லை எடுத்தார். "எப்படியும் இந்த வருஷம் போயிருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். ரொட்டிக்கடை வைத்திருந்தவர் ஒருவர், பேசாமல் அவரைத் தூக்கி மேஜையில் போட்டு, மாவு பிசைவது போலப் பிசைந்து, மடித்து, திருப்பிப் போட்டு மறுபடி பிசைந்தார். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வந்தவர் கை காலியில்லாததால் உதைத்தார். காது கேட்காத ஒருவர் மட்டும், "ரொம்ப சந்தோஷம்" என்று சிரித்துக் கைகுலுக்கினார். எடைக்கல்லுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் மனைவி கட்டுப் போட்டாள். மகன் கொதித்தான். "அப்பா, எவன் அடிச்சான்னு சொல்லுங்க, கையை ஒடைச்சிடறேன்!"

"நாந்தான்டா முதல்ல அவங்க அப்பனைத் திட்டினேன்."

அப்படி ஒரு பதிலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பதினோராவது ஆளிடம் விலா எலும்பில் வாங்கிய பிறகு, எடைக்கல் நெறிமுறைக் கமிட்டிக்குப் போனார். நஷ்டஈடு கேட்க அல்ல. நடந்ததை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்ல. ஒரு தராசின் முள் வளைந்தால்கூட அவர் எழுதி வைத்தவர்.

கமிட்டித் தலைவர் மெல்லிய குரலில் பேசும் மனிதர். "ஐயா, ஆய்வில் பங்குபெறுவோரின் நலன்தான் எங்கள் உயிர்மூச்சு. உங்களை அடித்த அத்தனை பேருக்கும் கை வலிக்கிறதா என்று விசாரித்தோம். ரொட்டிக்காரருக்கு ஒத்தடம் கொடுக்க ஏற்பாடு செய்தோம். அவர்கள் பங்குபெறுவோர். ஆனால் நீங்கள் பங்குபெறுவோர் அல்ல."

"அப்போ நான் யாரு?"

"தூண்டல்."

"அப்படின்னா?"

"விளக்கு, மணி, மேஜை, நீங்க. இதெல்லாம் தூண்டல். மேஜைக்குக் காயப் படிவம் இல்லையே? அநாவசியமா வருத்தப்படாதீங்க. தூண்டலுக்கு எங்ககிட்ட மிகுந்த மரியாதை உண்டு."

அவர் விலா எலும்பைத் தளவாடச் சேதத்தில் சேர்ப்பதா, எழுதுபொருள் தேய்மானத்தில் சேர்ப்பதா என்று உறுப்பினர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. தளவாடம் என்றவர், எழுதுபொருள் என்றவரின் முகத்தில் நெறிமுறை விதித் தொகுப்பின் இரண்டாம் பாகத்தை வீசினார். அவர் முதல் பாகத்தைத் திருப்பி வீசினார், அது கனமானது. தண்ணீர்க் குவளை உடைந்தது. தலைவர் மேஜைக்கு அடியிலிருந்தபடியே கூட்டக் குறிப்பைச் சொல்லிக்கொடுத்தார். "உறுப்பினர்கள் மனம்விட்டுக் கலந்துரையாடினர்."

எடைக்கல் கட்டோடு திரும்பிவந்து மிச்சம் ஏழு பேரையும் திட்டி முடித்தார். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது.

நாற்பது பேரில் முப்பத்துநான்கு பேர் அடித்திருந்தார்கள். மருமகள் பட்டியலைப் பேராசிரியர் முன்னால் வைத்தபோது எடைக்கல் கதவருகே நாற்காலியில் இருந்தார். நிற்க முடியவில்லை.

பேராசிரியர் கலங்கவில்லை. பேனாவை எடுத்தார். "டிரைவர். கையால தொழில் செய்தவர், சாதாரண ஆள் இல்லை. நீக்கு. ரொட்டிக்காரர், அதே. பல் டாக்டருக்குப் பல்லோட தொழில் உறவு. நீக்கு. இவர் இடதுகைக்காரர். இவர் அன்னைக்குக் காலைல மனைவியோட சண்டை போட்டுட்டு வந்தவர். இவர் உதைச்சார், நாம கையைத்தான் சொன்னோம், அதனால இவர் அடிக்கவே இல்லை, இருக்கட்டும். காது கேக்காதவர் மாணிக்கம் மாதிரி ஆள், அவரும் இருக்கட்டும்."

கடைசியில் ஏழு பேர் மிஞ்சினார்கள். ஏழு பேரும் கை ஓங்கவில்லை.

"நூத்துக்கு நூறு!" என்று பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தரவு தானா பேசாதும்மா. பேசுற வரைக்கும் அதைத் திருத்தணும். அதுக்குப் பேருதான் அனுபவம்."

வெளியே வந்ததும் எடைக்கல் சொன்னார், "அம்மா, கல்லைக் குடையறது இதுதான். நான் இதைத்தான் சுத்தியலால அடிச்சேன்."

"ஆறு வருஷம் மாமா" என்றாள்.

கட்டுரை ஒரு பெரிய ஆய்விதழுக்குப் போயிற்று. அதை வெளியிட்டால்தான் பட்டம். பதில் மூன்று வாரத்தில் வந்தது. அதை மதிப்பிட்டவர் ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார். ஏழு போதாது, குறைந்தது எட்டுப் பேர் வேண்டும்.

மறுநாள் பேராசிரியர் எடைக்கல்லையும் மருமகளையும் சோதனை அறைக்கு வரச் சொன்னார். கதவில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. 'இவ்வறைக்குள் நுழைபவர் எவராயினும் ஆய்வில் பங்குபெறச் சம்மதித்தவராகக் கருதப்படுவார்' என்று கமிட்டி முத்திரையோடு இருந்தது. எடைக்கல் முத்திரையைப் பார்த்தார், அசல்தான்.

பேராசிரியர் மேஜையில் சாய்ந்து, கட்டுரையின் முதல் பக்கத்தை நீட்டினார். ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

"என் பேர் எங்க சார்?" என்றாள் மருமகள்.

"கடைசிப் பக்கத்துல நன்றி சொல்லியிருக்கேன். தளவாடங்களுக்குக் கீழே." பிறகு எடைக்கல் பக்கம் திரும்பினார். "உங்க குடும்பத்துக்கு எதுக்கய்யா ஆராய்ச்சி? கடைக்காரன்கிட்ட கை நீட்டிப் பிழைச்ச வீடுதானே? உங்க அப்பா காலத்துலேருந்து அதுதானே தொழில்?"

எடைக்கல் எழுந்தார். விலா எலும்பு வலித்தது தெரியவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகளில் ஒரு கடையிலும் ஒரு குவளைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை அவர். கை தானாக மேலே போயிற்று.

"அடிங்க" என்று பேராசிரியர் சிரித்தார். "வயசு அறுபதுக்கு மேல. ஆண். குடும்பத்தைப் பழிச்சாச்சு. கண்ணாடிக்குப் பின்னால ரெண்டு பேரும் இருக்காங்க. அடிச்சா கோட்பாடு போச்சு, உங்க மருமக ஆறு வருஷமும் போச்சு. அடிக்கலைன்னா நீங்கதான் எட்டாவது ஆள்."

"பேரை எடுத்தது நிஜமா, சோதனையா சார்?" என்றாள் மருமகள்.

"ரெண்டும்தான். நேரம் மிச்சம்."

எடைக்கல்லின் கை காற்றில் நின்றது. இறக்கினால் அப்பாவின் பெயர் போகும். அடித்தால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை போகும். அவர் அவளைப் பார்த்தார்.

"மாமா, கையைக் கட்டிக்குங்க" என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை.

அவர் கையைக் கட்டிக்கொண்டார். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது. தொண்ணூறு வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. அடி வாங்கும்போது அது இத்தனை நீளமாக இருந்ததில்லை. மணி அடித்தது.

"முடிஞ்சுதாப்பா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

"முடிஞ்சுது ஐயா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

எடைக்கல் பேராசிரியரை ஓங்கி அறைந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. பேராசிரியர் மேஜையைப் பிடித்து எழ முயன்றபோது மருமகள் கட்டுரைக் கட்டைச் சுருட்டி, தாடையில் வைத்தாள். நாற்காலி கவிழ்ந்தது. அவர் தரையில் உட்கார்ந்தார்; மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

"ஆனாலும் எட்டு வந்தாச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"வரலை சார். இவர் என் மாமனார். ஆய்வு பண்றவருக்கு உறவுன்னா செல்லாதுன்னு உங்க விதியிலேயே இருக்கு" என்றாள் மருமகள். "ஆனா நீங்க எனக்கு உறவு இல்லை. உங்களுக்கு அறுபத்தொண்ணு. நீங்களும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ள வந்தீங்க. மாமா, சொல்லுங்க."

எடைக்கல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். இந்தத் தடவை தம்பியை நினைக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்க வீட்டு ஆளுங்களுக்கு வெட்கங்கிறதே கிடையாது. உங்க அப்பாவுக்கும் கிடையாது."

பேராசிரியர் துள்ளி எழுந்தார். முகம் கருத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. முஷ்டியை மடக்கி எடைக்கல்லின் மூக்குக்கு நேராக ஓங்கியவர், அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவருடைய முகம் மட்டுமே தெரிந்தது. முப்பது ஆண்டுக் கோட்பாடு அந்த முஷ்டியின் நுனியில் நின்றது. எடைக்கல் வசதியாக முகத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தார்.

மணி அடித்தது. முஷ்டி கீழே இறங்கியது.

"பூஜ்யம்" என்றது ஒரு குரல். "பூஜ்யம்" என்றது இன்னொரு குரல். அதுவரை அந்த இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை.

அதன் பிறகு கமிட்டி கூடியது. ஆய்வில் பங்குபெற்றவர் அந்த ஆய்வின் ஆசிரியராக இருக்க முடியாது என்பதை விதித் தொகுப்பின் முதல் பாகத்தில் கண்டார்கள். பேராசிரியரின் பெயரை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே பெயரான மருமகளின் பெயரைப் போட்டார்கள். அவர் கூச்சல் போட்டார். பங்குபெறுவோர் என்ற முறையில் அவருக்கு ஒத்தடம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

மருமகள், நீக்கியிருந்த முப்பத்துமூன்று பேரையும் பட்டியலில் திரும்பச் சேர்த்தாள். உதைத்தவரின் பூஜ்யத்தையும் திருத்தினாள். அடித்தவர்கள் முப்பத்துநான்கு என்று ஆயிற்று. முதியவர்களுக்கு ரத்தம் ஆறுவதில்லை என்று முடிவு எழுதினாள். அந்தப் பெரிய ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு சின்ன ஆய்விதழ் ஓராண்டு கழித்து வெளியிட்டது. அதற்கடுத்த ஆண்டு பட்டமும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பம் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

இதழ் வந்த அன்று எடைக்கல் அட்டவணையை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். டிரைவருக்கு நேரே மூன்று என்றிருந்தது. அதற்கு அவர் ஐந்து கொடுத்திருப்பார், ஆனாலும் விட்டுவிட்டார். ரொட்டிக்காரருக்கு ஆறு, அது சரி. கடைசி வரிசையில் விரல் நின்றது. ஆள் எண் நாற்பத்தொன்று. வயது அறுபத்தொன்று. தொழில், பேராசிரியர். எதிர்வினை, பூஜ்யம். குறிப்பு என்ற கட்டத்தில் மருமகள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்.

'திட்டு உண்மை என்பதை இவர் மறுக்கவில்லை.'